குடியிருக்கத் தகாத வாடகை வீடு, கொடைக்கானல்

பழுதாகி ஆபத்தான வீட்டை, ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே வாடகைதாரர் காலிசெய்யும் உரிமை. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் நகராட்சியில் சரிவு நிலமும் நீண்ட மழைக்காலமும் வீடு பழுதாகும் ஆபத்தைக் கூட்டுகின்றன. சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவரில் மழைநீர் வெளியேறும் துளைகள் அடைபட்டால் அச்சுவர் புடைத்து விரிசல் விடும். மேலே உள்ள வீட்டின் அடித்தளமும் அசையும். 2018 நவம்பர் 16இல் கஜா புயலின்போது இங்கு மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது.

சட்டம்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017) நகர்ப்புறங்களுக்குப் பொருந்தும். எழுத்துமூலம் கேட்டும் உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்து, வீடு குடியிருக்கத் தகாததானால், 15 நாள் எழுத்து அறிவிப்புடன் வாடகைதாரர் வெளியேறலாம். வாடகைதாரரே பழுதுபார்த்தால் செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிப்பது பாதி வாடகையைத் தாண்டக்கூடாது.

தீ, புயல், வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108(உ)-இன்படி குத்தகையைச் செல்லாததாக்கும் விருப்பம் வாடகைதாரருடையது. சேதத்துக்கு அவரே காரணமானால் இவ்வுரிமை கிடையாது.