கட்சி இல்லாத கத்தோலிக்கர்: இரு உலகப் போர்களுக்கு இடையே தமிழ்க் கிறிஸ்தவர் கண்ட அரசியல்

ஊரிகத்தில் பிறந்து, சுரங்கத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, முஸ்லிமுக்கு லீக் இருந்துச்சு, பார்ப்பனர் அல்லாதாருக்கு ஜஸ்டிஸ் கட்சி இருந்துச்சு. நம்ம வேதக்காரங்களுக்கு மட்டும் ஏன் ஒரு கட்சி இல்லாம போச்சு?" அன்று சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இச்சிறு கட்டுரையில் வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஐரோப்பாவைப் பார்ப்போம். அங்கே கத்தோலிக்கர் கட்சி என்பது வெறும் கனவு அல்ல. ஜெர்மனியில் 1870-இலேயே 'மையக் கட்சி' தோன்றிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த குடியரசில் பிரதமர் பதவி வகித்த பலர் அக்கட்சியினரே. இத்தாலியில் லூயிஜி ஸ்துர்சோ என்ற சிசிலித் தீவுக் குருவானவர் 1919 ஜனவரியில் 'மக்கள் கட்சி'யைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் 508 இடங்களில் 100 இடங்களை அது பிடித்தது. பத்து மாதக் குழந்தைக்கு இது சாதாரண வெற்றியா? வாக்கு விகிதப்படி இடம் பகிரும் முறை அந்த ஆண்டுதான் அங்கே வந்திருந்தது. அதுவும் கைகொடுத்தது.

ஆனால் இரண்டு கட்சிகளின் முடிவும் சோகமானது. முசோலினியோடு இணக்கம் நாடிய வத்திக்கானின் நெருக்குதலால் ஸ்துர்சோ 1923-இல் செயலாளர் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு லண்டனுக்கு நாடு கடந்தார். 1926-இல் கட்சி கலைக்கப்பட்டது. ஜெர்மனியின் மையக் கட்சி, 1933 மார்ச்சில் ஹிட்லருக்குச் சர்வாதிகாரம் வழங்கிய சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஜூலை 5-ஆம் தேதி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20-இல் வத்திக்கானும் ஹிட்லர் அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. திருச்சபையின் பள்ளிக்கும் கோயிலுக்கும் வாக்குறுதி கிடைத்தது. மக்கள் கட்டிய கட்சிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தலைக்கு மேலே பேரம் நடந்தால் காலடியில் இருப்பவன் கதி என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 98. அவற்றுள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதியாக 5. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அந்த ஐந்தையே பங்கிட வேண்டும். வாக்குரிமையோ சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே. ஐந்து இடத்தை வைத்துக்கொண்டு யார் கட்சி கட்டுவார்கள்? எந்தப் பெரிய கட்சியோடு சேர்வது என்பதே கேள்வியாயிற்று.

இந்தச் சூழலில் எழுந்தவர்தான் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். 1888-இல் தஞ்சை மண்ணில் பிறந்த கத்தோலிக்கர், பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழும் கற்பிக்க வழி செய்தவர். அவர் சேர்ந்தது நீதிக்கட்சியில். கத்தோலிக்கர் ஒருவர் பெரியாரோடு தோளோடு தோள் நின்று இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பது ஐரோப்பியக் கத்தோலிக்க அரசியலில் காணக் கிடைக்காத காட்சி. பெரியாரின் கடவுள் மறுப்பு ஒரு பக்கம், பன்னீர்செல்வத்தின் ஜெபமாலை ஒரு பக்கம். இருவரையும் சேர்த்தது தமிழும் சமூக நீதியும்.

1931-இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் பன்னீர்செல்வமும் டாக்டர் எஸ். கே. தத்தாவும் சென்றனர். முதல் மாநாட்டுக்குச் சென்ற சேலத்துக்காரரான கே. டி. பாலும் தத்தாவும் புராட்டஸ்டண்டுகள். தனி வாக்காளர் தொகுதி நம்மைத் தேசத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அவர்கள் கட்சி. பன்னீர்செல்வமோ, தனித்தொகுதி இல்லாவிட்டால் நம்மவர் குரல் மன்றத்தில் எழாது என்றார். ஆகா கான், அம்பேத்கர் முதலியோருடன் சேர்ந்து அவ்வாண்டு நவம்பரில் சிறுபான்மையோர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டப் பேரவையின் 215 இடங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1 என ஒதுக்கப்பட்டன.

வெற்றிதானே என்று கேட்கலாம். அங்கேதான் முள் இருக்கிறது. 1936-இல் பட்டியல் சாதிகள் குறித்து வெளியான அரசாணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று சொல்லிவிட்டது. ஞானஸ்நானம் பெற்றதும் சாதி போய்விட்டதாகச் சட்டம் எழுதிற்று. ஊரில் போகவில்லையே! கோயிலுக்குள்ளேயும் போகவில்லையே! நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், தேவாலயத்துக்குள் சாதி பிரித்த சுவரை 1910-இல் இடித்ததற்கு நீதிமன்றம் வரை வழக்குப் போனதை எண்ணிப் பாருங்கள். ஒரே பலிபீடத்தின் முன் ஒன்றாக முழங்காலிட மறுத்தவர்கள் ஒரே கட்சியில் எப்படி ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள்? பெரியவர் கேட்ட கேள்விக்கு என் பதில்களில் இதுவே முதன்மையானது. இடங்கள் குறைவு என்பது இரண்டாவது.

சரி, தங்கவயலுக்கு இதில் என்ன பங்கு? சட்டப்படி ஒன்றுமில்லை. நம் முன்னோர் பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள், தமிழ் பேசியவர்கள். ஆனால் வாழ்ந்தது மைசூர் மகாராஜாவின் சீமையில், ஜான் டெய்லர் கம்பெனியின் லைன் வீடுகளில். சென்னை மாகாணத்துத் தனித்தொகுதி எதிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. பன்னீர்செல்வம் லண்டனில் வாதாடியபோது ஊரிகத்துக் கத்தோலிக்கர் அவருடைய கணக்கிலேயே வரவில்லை.

ஆனால் அரசியல் இங்கே வேறு வாசல் வழியாக வந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர் பிடித்திருந்தது. சுயமரியாதைக் கருத்துகளும் வந்து சேர்ந்தன. 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டபோது சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. கைரேகை வேதக்காரன், பௌத்தன், வைணவன் என்று பார்த்து எடுக்கப்படவில்லை. எதிர்த்தவர்களும் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. பாதாளத்தில் பாறை சரிந்தால் யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று அது கேட்காது என்பதைச் சுரங்கக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பன்னீர்செல்வத்தின் முடிவும் சோகமே. 1937-இல் சென்னையின் இடைக்கால அமைச்சரவையில் பொறுப்பு வகித்த அவர், பின்னர் லண்டனில் இந்திய மந்திரியின் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். பதவி ஏற்கச் சென்ற 'ஹானிபால்' விமானம் 1940 மார்ச் 1-ஆம் தேதி ஓமன் வளைகுடாப் பகுதியில் மறைந்துபோனது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் மைசூர் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டு, பெங்களூர் மறைமாவட்டம் உருவாகியிருந்தது. தங்கவயல் இன்று அந்தப் பெங்களூரைச் சேர்ந்தது.

விடுதலைக்குப் பின் தனித்தொகுதிகள் போயின. அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்திருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா போன்றவர்கள் இடஒதுக்கீட்டை விட, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையே முக்கியம் என்று கருதினர். 1949-இல் சமயச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற ஒதுக்கீடு கைவிடப்பட்டது. உரிமை கிடைத்தது, உண்மைதான். ஆனால் 1936-இன் முள் மட்டும் 1950-ஆம் ஆண்டு ஆணையிலும் தொடர்ந்தது. கோலார் தங்கவயல் சட்டமன்றத் தொகுதி இன்று பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. ஒரே லைனில், ஒரே குலத்தில் பிறந்த இரு சகோதரர்களில் ஒருவர் அங்கே போட்டியிடலாம். ஞானஸ்நானம் பெற்ற மற்றவர் போட்டியிட முடியாது.

"கட்சி இல்லாம போனது நல்லதா, கெட்டதா?" என்று அந்தப் பெரியவர் மீண்டும் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: "ஐயா, ஐரோப்பாவுல கட்சி இருந்தும் ஆபத்து நேரத்துல அது மக்களைக் காப்பாத்தல. நம்ம ஊர்ல கட்சி இல்லாமலே 1930-இல் எல்லாரும் சேர்ந்து நின்னாங்க. இல்லாம போனது கட்சி இல்லீங்க, கோயிலுக்குள்ள இருக்கவேண்டிய சமத்துவம்."

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைட் மேடுகள் மட்டும் நிற்கின்றன. அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தம் அப்பா, தாத்தா சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். பங்குக் கோயில் பதிவேடுகளில் பெயர் மட்டும்தான் இருக்கும். பெயருக்குப் பின்னால் உள்ள கதையை அவர்கள்தான் சொல்ல முடியும்.