யாருடைய காலத்துச் சேணம்?

பழைய பொருள்களைத் தேடிப் பிடித்துப் புதுக்கும் ஆர்வம் மலைநாட்டிலும் வளர்ந்து வருகிறது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை 1996-ம் ஆண்டில் உல்லாச விடுதியாக மாறியது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் கொழுந்து உருட்டிய இயந்திரங்கள் மெருகேற்றப்பட்டு நூதனசாலையில் நிற்கின்றன. இந்த ஆர்வத்தின் சிறு கிளை ஒன்று பழைய சைக்கிள்களையும் தொட்டிருக்கிறது. துருவைத் துடைத்து, வர்ணம் பூசி, வண்டி பிறந்த காலத்துக்குரிய உறுப்புகளையே தேடிப் பூட்ட வேண்டும் என்பது இந்த ரசிகர்களின் விதி. அவர்களிடையே ஓயாத வாதத்தைக் கிளப்பும் உறுப்பு இருக்கைதான். எந்தக் காலத்து இருக்கை எந்த வண்டிக்குப் பொருந்தும்?

கேள்வி சின்னது. ஆனால் மலைநாட்டில் அதைக் கேட்கும்போது, 'காலம்' என்பது யாருடைய காலம் என்ற பெரிய கேள்வியும் உடன் எழுகிறது. இரண்டுக்கும் விடை தேடிப் பார்ப்போம்.

சைக்கிள் இருக்கையின் மூதாதை குதிரைச் சேணம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866-ம் ஆண்டில் குதிரைக்குரிய தோற்சாமான் தொழிலைத் தொடங்கினார். 1878-ல் தமது குதிரை இறந்துபோகவே அவர் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டினார் என்றும், அதன் கடினமான இருக்கை தந்த வேதனையே புதிய இருக்கையை எண்ணவைத்தது என்றும் அந்நிறுவனம் தன் கதையைச் சொல்கிறது. 1882-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரும்புச் சட்டத்தின் மேல் தடித்த தோலை இழுத்துக் கட்டி, அது தூளிபோல் உடலைத் தாங்கும்படி அமைப்பதே இந்த வகை இருக்கையின் அடிப்படை. தோல் நாளடைவில் தொய்யும். அப்போது மூக்குப் பகுதியின் அடியிலுள்ள மறையை முறுக்கி அதை மீண்டும் விறைப்பாக்கலாம். 1885-ல் ஸ்டார்லியின் 'ரோவர்' இரு சக்கரங்களையும் ஏறக்குறையச் சம அளவாக்கியது. 1888-ல் டன்லப் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தைக் கொணர்ந்தார். நாம் இன்று காணும் சைக்கிளின் உருவம் அப்போதே நிலைபெற்றுவிட்டது.

இருக்கையைத் தேர்வதற்கு முதல் வழிகாட்டி ஆண்டுக் கணக்கு அன்று. ஓட்டுபவர் அமரும் முறைதான். கம்பிப் பிரேக்கும் உயர்ந்த கைப்பிடியும் கொண்ட ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் போன்ற கனத்த வண்டியில் முதுகு நிமிர்ந்தே இருக்கும். உடலின் பாரம் பெரும்பாலும் இருக்கையில்தான் இறங்கும். ஆகவே அதற்கு அகன்ற, அடியில் ஸ்பிரிங் வைத்த தோல் இருக்கை வேண்டும். புரூக்ஸ் செய்த பி-66, பி-72 முதலியன அந்த இனத்தவை. கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த விரைவு வண்டியிலோ உடல் முன்னே சாயும். பாரத்தைக் கைகளும் கால்களும் பங்கிட்டுக்கொள்ளும். அதற்கு ஸ்பிரிங் இல்லாத ஒடுங்கிய இருக்கையே உகந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தோன்றி இன்றும் செய்யப்படும் பி-17 இதற்கு நல்ல சான்று. பிளாஸ்டிக் ஓட்டின் மேல் உறையிட்ட இருக்கைகள் பந்தய வண்டிகளில் பரவத் தொடங்கியது 1960-களில்தான். 1930-ம் ஆண்டு வண்டியில் அது ஒட்டாது. இருக்கையைத் தாங்கும் குழாயின் பருமனையும், அதனைப் பிடிக்கும் கவ்வியின் அளவையும் அளந்து பார்த்தே வாங்க வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில் தோல் இருக்கையை நனையவிட்டால், எவ்வளவு உயர்ந்த தோலும் தொய்ந்து உருக்குலைந்துவிடும். ஈரத்துடன் ஏறி ஓட்டினால் இன்னும் விரைவில் கெடும்.

இந்த அளவோடு ரசிகரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. வரலாற்று மாணவரின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

மலைநாட்டில் சேணம் என்பது தொடக்கம் முதலே அதிகாரத்தின் ஆசனமாக இருந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில் துரை குதிரையேறி மலை பார்த்தார். அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1867-ல் கண்டிக்கும், 1884-ல் ஹட்டனுக்கும், 1885-ல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் அதில் கொழும்புக்கு இறங்கின. நுவரெலியாவில் குதிரைப்பந்தயம் கோலாகலமாக நடந்தது. தோட்டத்துக்குள்ளோ ஏறுவதற்கும் நடப்பதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. துரைக்குக் குதிரை, பிறகு மோட்டார் சைக்கிளும் காரும். சைக்கிள் வாங்க முடிந்தவர்கள் கிளாக்கர், கணக்கப்பிள்ளை போன்ற மாதச் சம்பளக்காரர்களே. லயத்து மக்களுக்குக் கால்கள்தாம்.

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சாக எவரும் தள்ளிவிட வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1927-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். 1930-களில் இங்கிலாந்தில் ஒரு சாதாரண சைக்கிளின் விலை நான்கு, ஐந்து பவுண். ஒரு ரூபாய் ஒன்றரை ஷில்லிங்காக இருந்த அந்நாளில் ஐந்து பவுண் என்பது ஏறக்குறைய 67 ரூபாய். கப்பற்கூலி, சுங்கவரி, வியாபாரியின் லாபம் எதையும் சேர்க்காமலேயே அது ஆணுக்கு 124 நாள் உழைப்பு. பெண்ணுக்கு 156 நாள் உழைப்பு. அவ்வளவு நாளும் அரிசி வாங்காமல், கடனுக்குக் கழிக்காமல், ஒரு நாளும் நோயில் விழாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். இத்தனைக்கும் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி அந்தக் கூலியையும் குறைத்தார்கள்.

அந்த வண்டியின் உறுப்புகளையும் சற்று உற்றுப் பார்ப்போம். காற்றடைத்த சக்கரம் வந்ததும் ரப்பருக்கு உலகெங்கும் பசி எழுந்தது. 1876-ல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் இங்கும் மலாயாவிலும் பரந்த ரப்பர்க் காடுகளில் பால் வெட்டியவர்களுள் பல்லாயிரவர் தமிழ்த் தொழிலாளர். சைக்கிளை வாங்க முடியாதவர்களின் உழைப்பு சைக்கிளின் இரு சக்கரங்களிலும் உருண்டுகொண்டிருந்தது! மலைநாட்டுப் பெண்ணுக்கு எந்தத் தொழிற்சாலையும் சேணம் செய்யவில்லை. அவள் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்தின் பாரத்தைக் கழுத்தில் தாங்கினாள். உடல் நோகாதிருக்கத் தோலையும் ஸ்பிரிங்கையும் ஆராய்ந்த அதே நூற்றாண்டு, அவளுடைய கழுத்து நோவை ஒரு பிரச்சினையாகவே எண்ணவில்லை.

அரசியலும் அவளைக் கீழேதான் நிறுத்தியது. 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசுவதற்கென ஒதுக்கிவைத்தது. மிச்சமிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. 'அந்தப் பொற்காலம்' என்று விடுதிச் சுவர்களில் தொங்கும் படங்கள் சொல்லும்போது, நாம் இந்த ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் பழைய சைக்கிளைப் புதுப்பிப்பதே தவறா? இல்லை. ஒரு கிளாக்கரோ, தோட்டப் பாடசாலை ஆசிரியரோ மிச்சம்பிடித்து வாங்கி, ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் ஓட்டியும் காத்த வண்டி நம் வரலாற்றின் ஆவணமே. ஆனால் அந்த ஆவணத்தைத் திருத்தி எழுதக் கூடாது. 1960-களிலும் 1970-களிலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1977-க்குப் பிறகே அது தளர்ந்தது. பிரித்தானிய உறுப்பு கிடைக்காத அந்த நாட்களில், பழுதான இருக்கைக்குப் பதில் கிடைத்ததைப் பூட்டுவதும், கிழிந்த தோலைத் தைப்பதும், முறிந்த ஸ்பிரிங்கைப் பட்டறையில் ஒட்டவைப்பதுமே வழி. பர்மிங்காமின் விலைப்பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்த ஒட்டு வேலை 'காலப் பொருத்தம் இல்லாதது'. மலைநாட்டின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அதைவிடக் காலத்துக்குப் பொருந்தியது வேறில்லை.

ஆகவே நாம் கூறும் முறை இது. வண்டியில் இருக்கும் பழைய இருக்கை பாரம் தாங்குமானால், அது எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும், எத்தனை முறை தைக்கப்பட்டதாயினும், அதை மாற்றாதீர்கள். தாங்காதென்றால் கழற்றிப் பத்திரப்படுத்தி, அமரும் முறைக்கும் கைப்பிடிக்கும் ஏற்ற இருக்கையைப் பூட்டுங்கள். பெயர்பெற்ற புதிய தோல் இருக்கையின் விலை கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல நாட்கூலியை விழுங்கும். அதை வாங்கினால்தான் வண்டிக்கு மதிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டி யாருடையது, எந்தத் தோட்டத்தில் ஓடியது, அதன் பின்னிருக்கையில் என்ன பாரம் ஏறியது என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இந்தப் பணிக்கு ஆசிரியர்களும் மாணவர்களுமே தகுந்தவர்கள். துரைமாரின் சேணங்களுக்கு நூதனசாலைகளில் இடம் கிடைக்கும். நடந்து வந்தவர்களின் வரலாற்றை அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் எழுதியாக வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் லயங்களில் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.