சான்றிதழில் ஏறாத சாவுகள்: சிகாகோ வெப்ப அலை, 1995

1995 ஜூலை நடுவில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியை வாட்டிய வெப்ப அலையில் சாவுகளை மிகுதியாகச் சுமந்தது சிகாகோ. ஜூலை 13 அன்று மிட்வே விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலை 41 பாகை செல்சியஸ். வேலூர்க்காரருக்கு இது வழக்கமான கத்திரி வெயில் நாள்தான். ஆனால் அன்று சிகாகோவில் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்ததால் உடல் உணர்ந்த வெப்பம் 50 பாகையைத் தாண்டியது. இரவிலும் புழுக்கம் விடவில்லை. குக் மாவட்டப் பிணவறையில் இடம் போதாமல் குளிரூட்டிய லாரிகளில் உடல்களை வைக்க நேர்ந்தது. வெப்பத்தால் இறந்தவர்கள் என்று அந்த மாதம் சான்றளிக்கப்பட்டோர் 465 பேர். ஜூலை 14 முதல் 20 வரையிலான ஒரே வாரத்தில் நகரில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளோ 739. வெப்ப அலையின் உயிரிழப்பை இந்த இரண்டாவது வகைக் கணக்கிலிருந்தே, அதாவது மிகை இறப்பிலிருந்தே, மதிப்பிடத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

வெள்ளத்தில் மாண்டவரின் உடலே காரணத்தைச் சொல்லிவிடும். வெப்பத்தில் மாண்டவரின் உடலில் பெரும்பாலும் அப்படி உறுதியான தடயம் கிடைப்பதில்லை. பூட்டிய அறையில் இரண்டு நாள் கழித்துக் கண்டெடுக்கப்படும் முதியவரின் உடற்சூட்டை அளந்து பயனில்லை. இதயநோய் இருந்திருந்தால் சான்றிதழில் மாரடைப்பு என்றே எழுதப்படும். மாவட்டத்தின் தலைமைப் பிணக்கூறாய்வு மருத்துவர் எட்மண்ட் டோனஹ்யூ இதை உணர்ந்து, உடற்சூட்டோடு சூழலையும் சான்றாகக் கொண்டார்: சன்னல்கள் மூடிக் கிடந்தனவா, அறை எவ்வளவு சூடாக இருந்தது, இறந்தவரைக் கடைசியாக உயிரோடு கண்டது எப்போது என்பனவும் கணக்கில் வந்தன. மேயர் ரிச்சர்ட் டேலி இந்த எண்ணிக்கையை மிகையென்று ஐயுற்றார். பின்னர் வந்த மிகை இறப்புக் கணக்கோ டோனஹ்யூவின் பட்டியலே குறைவானது என்று காட்டியது. மேயரின் ஐயத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிடவும் முடியாது. நோயாளி ஒருவரின் சாவில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்பது தனியொருவர் அளவில் பல வேளை விடை காண இயலாத கேள்வி. அதனால்தான் அதை மக்கள்தொகை அளவில் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இறந்தவர்கள் எப்படியும் சில நாட்களில் இறந்திருக்கக்கூடிய நோயாளிகள், வெப்பம் நாளைச் சற்று முன்தள்ளியது, அவ்வளவே என்பது. இது உண்மையானால் அடுத்த வாரங்களில் இறப்புகள் வழக்கத்தைவிடக் குறைந்திருக்க வேண்டும். சிகாகோ தரவை அவ்வாறு சோதித்த ஆய்வில், மிகை இறப்பில் ஏறத்தாழ கால்பங்குக்கே இந்த விளக்கம் பொருந்தியது. எஞ்சியோர் அந்த வாரத்தைக் கடந்திருந்தால் மேலும் வாழ்ந்திருப்பார்கள். கால்பங்கினர் இழந்தது சில நாட்களே என்றாலும் அதுவும் இழப்புதான். அதைத் தள்ளுபடி செய்ய எந்த நகராட்சிக்கும் உரிமையில்லை.

எங்கே தேட வேண்டும் என்பதையும் எண்ணிக்கைதான் காட்டுகிறது. சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க், அடுத்தடுத்து அமைந்த வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமையும் தனித்து வாழும் முதியோரும் உண்டு. ஆனால் இறப்பு விகிதம் வடக்கில் ஏறத்தாழ பத்து மடங்கு. கறுப்பின மக்கள் வாழ்ந்த வடக்கில் தொழிற்சாலைகளும் கடைகளும் வெளியேறித் தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. லத்தீன் அமெரிக்க மக்களின் தெற்கிலோ முதியவர் நடந்து போகக் கடைத்தெரு இருந்தது. பகுதிகளின் சராசரியிலிருந்து தனிமனிதச் சாவின் காரணத்தை ஊகிக்க முடியாது என்று மற்றொரு சமூகவியலாளரான மிட்செல் டூனியர் இதை மறுத்தார். முறையியல் நோக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த மறுப்பு மிகை இறப்புக் கணக்கை வீழ்த்தவில்லை, அதன் எல்லையைக் குறிக்கிறது. 739 என்னும் எண்ணுக்கு முகவரி கிடையாது; டோனஹ்யூவின் பதிவுகளுக்கு உண்டு. படுக்கையில் கிடந்தோர், தனியே வாழ்ந்தோர், அன்றாடம் வெளியே செல்லாதோர் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி என்பதை அப்போதைய ஆய்வு கண்டது, இறந்தவர்களை அதே பகுதியில் உயிர்பிழைத்தவர்களோடு வீடு வீடாக ஒப்பிட்டதால்தான். இறப்புப் பதிவேட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் அறையின் நிலையையும் எழுதும் வழக்கம் வந்தால், கிளைனன்பெர்க்குக்கும் டூனியருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கும் சான்று அந்தப் பதிவேட்டிலேயே கிடைக்கும்.