ஏரி வாரியமும் என் கையெழுத்தும்

நாற்று விட்டுப் பத்து நாள் ஆகிறது. நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதணும் எழுதணும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் சரித்திரம், கூடவே நான் செய்த ஒரு தப்பு.

எங்கள் ஏரியின் கடைமடையில் ஒரு பெரியம்மாவுக்கு எழுபது சென்ட் நிலம். கடைமடை என்றால் வாய்க்கால் போய் முடிகிற இடம். ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடிய வருஷத்தில்கூட அவங்க நிலத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஒருநாள் டீக்கடை வாசலில் என்னை நிறுத்தினாங்க.

"ஏம்பா, வாய்க்கா தூர் வாரியாச்சுன்னு கையெழுத்து போட்டவன் நீதானே? எங்க வாரினீங்க, வந்து காட்டு."

நான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்து போட்டது நான்தான்.

கொஞ்ச நாள் கழித்து உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததால் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்கப் போனேன். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன், பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன். அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் அது ஏரியைப் பற்றியதும்கூட என்று உறைத்தது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்பு என்பதை இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படித் தேர்ந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பதவி 360 நாள். முந்தின மூன்று வருஷத்துக்குள் ஏதாவது வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமா? அவன் அப்பா, மகன், கூடப்பிறந்தவன், மாமனார், மருமகன், மைத்துனன், அக்கா தங்கை புருஷன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. அவர்களும் வர முடியாது. ஒப்பந்தத்தில் மைத்துனனை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்கிற வித்தை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அது பிராமணர்கள் ஊர்ச்சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் இருந்தால்தான் ஓலையில் பேர் ஏறும். படிப்பு கூடுதலாக இருந்தால் நில அளவில் கொஞ்சம் சலுகை, அவ்வளவுதான். அந்தக் குடத்தில் என் பாட்டன் முப்பாட்டன் பேர் விழுந்திருக்காது. பெரியம்மா பேர் சுத்தமாக விழுந்திருக்காது. அதனால் அந்த முறையை நான் கும்பிடவில்லை. கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக்கூடாது என்ற அந்த ஒரு விதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஏரி வேலை எப்படி ஊர் கையை விட்டுப் போனது என்று தெரிந்துகொள்ள ஆசை.

கம்பெனிக்காரன் காலத்தில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற என்ஜினியர் எங்கள் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அப்போது களத்து மேட்டில் நெல்லைப் பங்கு போடுவதற்கு முன்னால் ஊர்ப் பொதுவுக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். மேரை என்று பேர். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, வண்ணாருக்கு என்று பங்கு இருந்த மாதிரி ஏரிக்கும் பங்கு இருந்தது. ரயத்துவாரி வந்து ஒவ்வொரு பட்டாதாரரிடமும் சர்க்கார் நேரடியாக வரி வாங்கத் தொடங்கியதும் இந்த மாதிரிப் பங்குகள் மெள்ள மெள்ள வரிக்குள்ளே கரைந்துபோயின. பணம் கஜானாவுக்குப் போனது. கரையில் மண் போடுகிற கடமை மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. அதுக்குப் பேர்தான் குடிமராமத்து.

பணம் இல்லாத கடமை எத்தனை நாள் நடக்கும்? 1858-ல் சட்டம் போட்டார்கள். கரை உடைகிற ஆபத்து என்றால் உழைக்கிற வர்க்கத்து ஆண்கள் எல்லோரையும் வேலைக்கு இழுக்கலாம். வழக்கப்படி செய்ய வேண்டிய வேலையைச் செய்யாத குடியானவனிடம் அந்த வேலையின் மதிப்பில் இரண்டு மடங்கு வசூலிக்கலாம். 'உழைக்கிற வர்க்கம்' என்று சட்டமே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கூடை தூக்கியது பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள். தண்ணீர் பாய்ந்தது மிராசுதார் நிலத்துக்கு. குடிமராமத்து என்றதும் ஊரே ஒற்றுமையாக மண் சுமந்தது போலப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதே காலத்தில்தான் பொதுப்பணித் துறையும் வந்தது. 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1883-ல், ஏரிகளைச் சீரமைக்கிற திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் கரை உயரம் எவ்வளவு, கலங்கல் மட்டம் எவ்வளவு, மதகு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வைத்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு ஒரு விஷயம் மாறியது. ஏரியின் கணக்கு ஊர்ச் சாவடியிலிருந்து ஆபீஸ் பீரோவுக்குப் போய்விட்டது. மதிப்பீடு போடுவது அங்கே, ஒப்பந்தம் விடுவது அங்கே, வேலையை அளந்து பில் போடுவதும் அங்கே. அளந்ததை எழுதுகிற நோட்டுக்கு எம் புக் என்று பேர், அதாவது அளவுப் புத்தகம். மண் எத்தனை கன மீட்டர், வாய்க்கால் எத்தனை மீட்டர் என்று அதில் ஏறினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். அதில் ஏறிவிட்டால் நடக்காத வேலையும் நடந்ததாகிவிடும். தண்ணீர் பாய்ச்சுகிற எங்களில் ஒருத்தரும் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் மாநிலத் துறையிடம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். பொதுப்பணித் துறையில் இருந்த நீர்ப்பாசனப் பிரிவை 2021-ல் நீர்வளத் துறை என்று தனியாகப் பிரித்தார்கள்.

ஒப்பந்த ஊழலைத் தடுக்க ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. டெண்டரை எல்லோருக்கும் தெரியும்படி விட வேண்டும் என்று 1998-லேயே இங்கே தனிச் சட்டம் போட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் மத்தியில் 2005-ல் வந்தது, நம் மாநிலத்தில் 1997-லேயே ஒன்று வந்தது.

பிறகு 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பேரிலேயே புதுத் திட்டம். மணிமங்கலம் ஏரியில் தொடங்கினார்கள். முதலில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். டெண்டர் கிடையாது, ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்துக்கே வேலை. செலவில் 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்க வேண்டும். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒப்பந்தக்காரர் இல்லை, நம் ஏரியை நாமே பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன்.

எங்கள் ஏரிக்கும் ஒரு வருஷம் வந்தது. சங்கம் எங்களுடையதுதான். தலைவர் எனக்குப் பங்காளி முறை. ஆனால் சங்கத்திடம் பொக்லைன் ஏது, முன்பணம் போடக் காசு ஏது? தலைவரின் மைத்துனர் சின்னச் சின்ன ஒப்பந்த வேலை எடுக்கிறவர். "நான் பார்த்துக்கறேன் மாமா" என்றார். பத்து சதவீதத்தையும் அவரே காட்டிக்கொண்டார். கரையில் மண் விழுந்தது, உண்மை. ஒரு மதகைப் பூசினார்கள். வாய்க்காலைத் தார் ரோடு வரைக்கும் வாரினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெரியம்மா நிலம் இருக்கிற பக்கம், போகவே இல்லை. மழை வருது, அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்கள். வேலை முடிந்தது என்ற காகிதத்தை நீட்டினார்கள். பங்காளி கேட்கும்போது படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? போட்டேன். காசு வாங்கவில்லை. வாங்காததால் தப்பில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூர் பட்டியலில் மைத்துனன் இருக்கிறான். அந்த விதிப்படி தலைவரும் தேறமாட்டார், மைத்துனரும் தேறமாட்டார், கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட நானும் தேறமாட்டேன்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் ஏரி வேலையின் எம் புக் நகல் கேட்டு எழுதிப் போட்டேன். முப்பது நாளில் வர வேண்டியது, கொஞ்சம் இழுத்து வந்தது. அந்தச் சட்டத்தில் நகல் மட்டும் இல்லை, நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும்கூடக் கேட்கலாம். உங்கள் தெருவில் கால்வாய் வேலை நடந்தால் நீங்களும் கேட்கலாம்.

நகலில் வாய்க்கால் முழு நீளமும் வாரியதாக இருந்தது. கடைமடை வரைக்கும். பின்னால் இணைத்திருந்த காகிதத்தில் என் கையெழுத்து, இனிஷியலோடு தெளிவாக இருந்தது.

வேப்பமரத்தடியில் ஆயக்கட்டுக்காரர்கள் கூடிய அன்றைக்கு அதைச் சத்தமாகப் படித்தேன். என் பேரையும் சேர்த்துத்தான் படித்தேன். பங்காளி எழுந்து போய்விட்டார். இன்றுவரை பேச்சு இல்லை, போன மாதம் அவர் வீட்டுக் காதுகுத்துக்கும் எனக்கு அழைப்பு இல்லை. புகாரும் எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன். மிச்ச வாய்க்காலை ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு நாள் ஜேசிபி வைத்து, ரோட்டுக்கு அடியில் இருந்த குழாய் அடைப்பை மட்டும் கையால் எடுத்து முடித்தோம். என் பங்கு மற்றவர்களைவிடக் கூடத்தான் போட்டேன்.

ஒன்று மட்டும் தீர்மானமாகி இருக்கிறது. இனி எங்கள் ஏரியில் யார் வேலை செய்தாலும், துறையோ சங்கமோ ஒப்பந்தக்காரரோ, வேலைக்கு முன்னால் ஒரு அளவு, வேலைக்குப் பின்னால் ஒரு அளவு, இரண்டையும் மரத்தடியில் படிக்க வேண்டும். கடைமடைக்காரர் ஒருத்தர் பார்த்த பிறகுதான் சங்கத்துக் கையெழுத்து. அந்தக் கடைமடைக்காரர் யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதேப்பா" என்றாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க: "படிக்கத் தெரியலன்னா என்ன, தண்ணி வந்துதா இல்லியான்னு தெரியும்ல."

மழை நன்றாகப் பெய்யட்டும். நடவு முடிந்ததும் அடுத்த பதிவு.