தாராவிச் சந்துக்குள் வந்த லேசர்

2024 மார்ச் 18 அன்று மும்பை தாராவியின் கமலா ராமன் நகரில் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் போட்டார்கள். அடுத்து ஒரு லேசர் கருவி சந்து சந்தாகப் போய் அளந்தது. அதற்குப் பிறகுதான் கைபேசிச் செயலியோடு ஆட்கள் வந்து கதவைத் தட்டிக் காகிதங்களைக் கேட்டார்கள். இடித்துக் கட்டப்போகும் ஊருக்குள் கடப்பாரைக்கு முன்னால் நுழைந்த அந்தக் கருவியின் பெயர் லைடார். அது வந்து சேர்ந்த வழி நீளமானது. நம் பரங்கிமலையும் அந்த வழியில்தான் இருக்கிறது.

1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையின் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்று சொல்லிவிட, கடைசியில் இந்தியாவுக்கு வந்த சங்கிலி அது. அதை நானூறு முறை நீட்டி வைத்து அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. ஆறு வருடம் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணங்களை அளக்கும் அரை டன் தியோடலைட் கருவியை ஏற்றும்போது, அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சீர்செய்தார். அந்தக் காலத்தில் நிலத்தை அளப்பவர் முதலில் கனத்தைத் தூக்க வேண்டும், பிறகு பார்வையை எதுவும் மறைக்காத உயரத்தைத் தேட வேண்டும்.

1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டார். லேசரை வைத்து அளப்பவருக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. ஒளியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்குப் போய்வர, ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் இருபது பங்கு போதும். 1971இல் அப்போலோ 15 நிலவைச் சுற்றிக்கொண்டே இந்த முறையில் அதன் மேடுபள்ளங்களை அளந்தது. பின்னாளில் லேசர் விமானத்தில் ஏறிக் காடுகளையும் மலைகளையும் அளந்தது, ஓட்டுநர் இல்லாத கார்களின் கூரையில் சுழன்றது.

தாராவியில் விமானமும் உதவாது, காரும் உதவாது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். மேலே தகரமும் தார்ப்பாயும் வானத்தை மூடியிருக்கின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞை உள்ளே ஒழுங்காக இறங்காது. ட்ரோனுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். ரோபோ ஆராய்ச்சியில் பிறந்த ஒரு கணக்குமுறைதான் இங்கே கைகொடுக்கிறது. ஒருவர் கருவியைச் சுமந்துகொண்டு நடக்கிறார். அது சுற்றிலும் லட்சக்கணக்கான புள்ளிகளை அளக்கிறது. சற்றுமுன் பார்த்த மூலைகளை இப்போது பார்ப்பவற்றோடு பொருத்தி, தான் நிற்கும் இடத்தையும் கண்டுகொள்கிறது. மின்சாரம் போன வீட்டில் சுவரைத் தடவித் தடவி வழி அறிவதைப் போன்ற வேலை. சட்டமும் வழிவிட்டது: 2021 பிப்ரவரியில் இந்திய நிறுவனங்கள் நிலவரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்றானது.

சேர்ந்த புள்ளிகளிலிருந்து கணினிக்குள் இன்னொரு தாராவி எழுகிறது. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு ஏணியும் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அதில் இருக்கும். கட்டுமானத் தொழில் இன்று இப்படித்தான் மாறிவருகிறது. அஸ்திவாரம் தோண்டுமுன் கட்டடம் முழுவதும் திரையில் நிற்கிறது. எந்தக் குழாய் எந்தத் தூணில் இடிக்கும் என்பதை அங்கேயே பார்த்துத் திருத்திவிடுகிறார்கள். நல்ல மாற்றம் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தாராவியில் அந்தத் திரையில் தெரிவது பொறியாளர் வரைந்த கட்டடம் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் சதுப்பைத் தூர்த்து, தகரத்தைச் செங்கலாக்கி, பிள்ளைகள் பெருகப் பெருக மேலே ஓர் அறை ஏற்றி, தம் கையால் கட்டியது.

அந்த மேலறையைப் பற்றித்தான் என் கவலை. 1976இல் மும்பைக் குடிசைகளை எண்ணிக் குடும்பங்களுக்குக் கொடுத்த போட்டோ பாஸை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. இன்றைக்கும் தகுதியை முடிவு செய்வது காகிதமும் தேதியும்தான். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் பின்னால் வந்தவர்களும் மேல்தளத்தில் இருப்பவர்களும் வெளியே போய், வாடகையாகக் கட்டிக் கட்டித்தான் வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன் வந்த எந்தக் கணக்கெடுப்பையும்விட இந்தக் கருவி மேல்தளத்தைத் தெளிவாகப் பார்க்கிறது. ஏணி எங்கே ஏறுகிறது, அறை எவ்வளவு பெரியது, எல்லாம் பதிவாகிறது. கீழே இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டரும் மேலே குடும்பமும் என்று ஒரே பிழைப்பு இரண்டு தளத்தில் நடக்கிறது. சட்டமோ கீழ்த்தளத்தை ஒரு பக்கமும் மேல்தளத்தை இன்னொரு பக்கமுமாகப் பிரித்து வைக்கிறது. நிலவை அளந்த ஒளி இத்தனை தூரம் வந்து காட்டிய பிறகும், அங்கே ஆள் வாழ்வதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அநியாயம். சில பகுதிகளில் மக்கள் இந்தக் கணக்கெடுப்பையே எதிர்த்தார்கள். தம் வீட்டை அளந்து எடுத்துப்போகிறவரிடம், அந்த அளவு யார் கைக்குப் போகிறது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அரசும் அதானி குழுமமும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தில் நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒரு காரியம். அளந்த ஒவ்வொரு வீட்டின் படத்தையும், கீழ்த்தளம் மேல்தளம் இரண்டின் பரப்போடும் எண்ணோடும் அச்சிட்டு, தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ அந்த வீட்டில் இருப்பவர்கள் படிக்கும் மொழியில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தவறு இருந்தால் இடிப்பதற்கு முன்பே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். நாளைக்கு ஓர் அலுவலகத்தின் முன்னால் நிற்கும்போது, அதே கருவி எடுத்த அளவை எடுத்துக் காட்டலாம்.