காயம்படாதவர்களின் கணக்கு

தோழர்களே, இந்த ஊர் மலைக்கோட்டையை 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டினார் என்று படித்திருக்கிறோம். அந்தப் பாறைமேல் கல் சுமந்தவர்களைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

1755இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராகத் திண்டுக்கல் வந்தார். அரச குலத்தில் பிறக்காதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலை நடத்தினார், படையைப் பெருக்கினார். 1761இல் உடையாரைப் பெயருக்கு வைத்துக்கொண்டு மைசூரையே பிடித்தார். 1799இல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழும்வரை மொத்தம் 38 ஆண்டுகள்தான் அந்த ஆட்சி. பிறப்பு ஒருவரைத் தடுக்காத அந்த ஏற்றம் நமக்குப் பிடிக்கிறது. பிடிப்பதில் தவறும் இல்லை.

ஆனால் ஏணி எப்படிக் கட்டப்பட்டது? வெள்ளைக்கார அதிகாரி வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் ஒரு கதை சொல்கிறார். இங்குள்ள பாளையக்காரர்களோடு சண்டை முடிந்ததும், காயம்பட்டோருக்கான உதவிப் பணத்தைக் கூட்டி வாங்க, காயமே படாத சிப்பாய்களுக்கும் மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டிக் காட்டினாராம் ஹைதர். பாளையங்களின் மாடுகளை ஓட்டிவந்து, உரியவர்களுக்கே திருப்பி விற்றாராம். எழுதியவர் எதிரி முகாம்காரர். கொஞ்சம் தள்ளியே வைத்துப் படிப்போம். ஆனால் மாடு போனால் ஏர் நிற்கும். ஏர் நின்றால் முதலில் பட்டினி கிடப்பவர் மாட்டின் சொந்தக்காரர் அல்ல, அவருடைய பண்ணையாள். அந்தப் பட்டினிக்கு யார் துணி கட்டினார்கள்?

பிறகு 1783இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1784 உடன்படிக்கையில் அது திப்புவுக்குத் திரும்பியது. 1790இல் மறுபடி போனது. 1792இல் முற்றாகக் கைமாறியது. கோட்டையில் கொடி மாறிய ஒவ்வொரு முறையும் சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது.

இதே ஹைதரின் ஆதரவில்தான், 1772இல் கணவரை இழந்த சிவகங்கை வேலு நாச்சியார், திண்டுக்கல் அருகே விருப்பாச்சி கோபால நாயக்கரிடம் தங்கிப் படை திரட்டினார். 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்தப் போரில் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தவர் குயிலி, அவர் அருந்ததியர் வீட்டுப் பெண் என்று நம் மக்கள் சொல்கிறார்கள். ஆவணம் எங்கே என்று கேட்கிறார்கள். அக்காலத்து ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை. அதை மறைத்துப் பேசினால் நாம்தான் தோற்போம். ஆனால் ஓலையும் எழுத்தாணியும் யார் கையில் இருந்தன என்பதையும் சேர்த்தே பேசுவோம். மஞ்சள் துணி கட்டியவர்கள் கணக்கில் ஏறினார்கள். மாணவத் தோழர்கள் விருப்பாச்சிக்கும் சிவகங்கைக்கும் போய், கிழவிகள் சொல்வதைச் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதி வாருங்கள்.