தம் பாட்டைத் தாமே மறந்த பாடகர்

பருத்திக் காட்டில் பிறந்த பாட்டு ஒன்று, அதைப் பாடியவருக்கே மறந்துபோயிற்று. அவருடைய பேரன் வயதுள்ள ஓர் இளைஞர் அதை அவருக்கே திரும்பக் கற்றுக்கொடுத்தார். அந்த வரலாறுதான் இன்றைய பேச்சு.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் கறுப்பின மக்கள் அதே பருத்தி நிலங்களில் வாரத்துக்கு உழுதார்கள். விதை, மாவு, துணி எல்லாம் கடன். விளைச்சலில் நிலக்காரர் பங்கு போய், கடனும் கழிந்தால், பல குடும்பங்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மக்களிடம் பிறந்த இசைதான் ‘புளூஸ்’.

சன் ஹவுஸ் 1902இல் பிறந்தவர். முதலில் சமய போதகர். இருபது வயதுக்கு மேல்தான் கிட்டாரைத் தொட்டார். 1930இல் பாரமவுண்ட் நிறுவனம் அவருடைய பாட்டுகளைப் பதிவு செய்தது. நாடெங்கும் பணமுடை, தட்டுகள் விற்கவில்லை. 1943இல் அவர் வடக்கே ரோச்செஸ்டர் நகருக்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்தார். கிட்டாரையும் விட்டுவிட்டார். 1964இல் மூன்று இளைஞர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது அவரிடம் கிட்டாரே இல்லை. விரல்களுக்கும் பாட்டு மறந்திருந்தது.

அப்போது உதவியவர் ஆலன் வில்சன். இருபது வயதை ஒட்டியவர். பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஹவுஸின் வாசிப்பைப் பிடித்திருந்தார். இது லேசான காரியமன்று. தட்டில் இரைச்சல் அதிகம். தட்டு சுழன்ற வேகம் சற்றே பிசகினாலும் சுருதி மாறிவிடும். இசைக்குறிப்பு எழுதிவைத்தவர் எவருமில்லை. காது ஒன்றே துணை.

முதலில் கிட்டாரின் ஆறு தந்திகளும் எப்படிக் கூட்டப்பட்டிருந்தன என்று கண்டறிய வேண்டும். வழக்கமான சுருதியில் தேடினால் எவ்வளவு முயன்றாலும் அந்த ஒலி கிடைக்காது. ஹவுஸ் பல பாட்டுகளில், இடக்கையால் அழுத்தாமல் மீட்டினாலே எல்லாத் தந்திகளும் இணைந்து ஒலிக்கும்படி தளர்த்தி வைத்திருந்தார். அடுத்து, எந்த ஒலி நின்று ரீங்கரிக்கிறது, எது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். ரீங்கரிப்பது திறந்த தந்தி. வழுக்குவது, விரலில் மாட்டிய உலோகக் குழாயைத் தந்திமேல் தேய்த்து எழுப்பியது. கட்டைவிரல் கீழே தாளத்தை அடித்துக்கொண்டே இருக்கும்.

வில்சன் கிழவரின் எதிரே அமர்ந்து, “1930இல் நீங்கள் இப்படி வாசித்தீர்கள்” என்ற முறையில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். விரல்களுக்கு நினைவு திரும்பியது.

1965இல் கொலம்பியா நிறுவனம் ஹவுஸின் பாட்டுகளைப் பதிவு செய்தது. சிலவற்றில் வில்சனும் உடன் வாசித்தார். 1930இல், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே என்பதால், ‘மை பிளாக் மாமா’ இரு பக்கங்களாகத் துண்டுபட்டிருந்தது. அதிலிருந்து வளர்ந்த ‘டெத் லெட்டர்’ இப்போது ஒரே மூச்சில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடியது. இளமை வேகம் பழைய தட்டில்தான் என்பார் உண்டு. எனக்கு அந்த முதிய குரலே பிடிக்கும்.

வில்சன் 1970இல், 27 வயதில் இறந்தார். ஹவுஸ் 1988 வரை வாழ்ந்தார்.